ரஞ்சன்குடிக் கோட்டை: விடுபட்ட பக்கங்கள்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை–திருச்சி நெடுஞ்சாலைக்கு அருகில் நிற்கிறது ரஞ்சன்குடிக் கோட்டை. அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், ஒன்றன்மேல் ஒன்றாய் எழும் மூன்று அரண்கள், பேட்டை, கோட்டைமேடு, நிலவறைகள், ஒரு பள்ளிவாசல். படைவீரர் காவல் நின்ற மதில்மீது இன்று பள்ளிப் பிள்ளைகள் ஏறி நின்று ஊரைப் பார்க்கிறார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இது பொதுமக்கள் உலவும் இடமாகியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. நமது குறை கற்களைப் பற்றியதன்று. கற்களைப் பற்றிச் சொல்லப்படும் வரலாற்றைப் பற்றியது.

கர்நாடக நவாபின் ஜாகிர்தார் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டில் கட்டினார். 1751 வாலிகொண்டா போரில் சந்தா சாஹிபுக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரை, முஹம்மது அலிக்குத் துணைநின்ற ஆங்கிலேயர் வென்றனர் என்பதே வழக்கமாகக் கூறப்படும் செய்தி. இரண்டு பகுதியுமே ஆய்வுக்கு உரியவை.

முதலாவதைப் பார்ப்போம். ஆற்காட்டு நவாபு மரபு அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில்தான் தோன்றியது. அதற்கு முன் இப்பகுதி பிஜாப்பூர் சுல்தான்களுக்கு உட்பட்டிருந்தது. அருகிலுள்ள வாலிகண்டபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்களின் ஆளுநராக இருந்தவர் ஷேர்கான் லோடி. 1673-இல் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றியது இவர் தந்த இசைவினாலேயே. 1677-இல் சிவாஜியின் படையிடம் திருவதிகைப் பக்கம் தோற்ற இந்த ஆப்கானியர், அரியலூர்ப் பாளையக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார். புதுச்சேரியை நிலைநிறுத்திய பிரான்சுவா மார்ட்டினின் நாட்குறிப்புகளில் ஷேர்கான் பலமுறை வருகிறார். அவர் ஆண்ட மண்ணில் அவரை நினைவுகூர்வார் அரிது. ஜாகிர்தார் யாரெனத் தேடுவோர் ஷேர்கானைத் தாண்டிச் செல்வது நமக்கு வியப்பளிக்கிறது.

இரண்டாவது செய்தி இன்னும் பிசகானது. 1751-இல் திருச்சியை நோக்கி வந்த சந்தா சாஹிபைத் தடுக்கக் கேப்டன் ஜிஞ்சனின் ஆங்கிலப் படை இங்கே முகாமிட்டது. கோட்டைக் காவலரோ இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் பேசிக் காலம் கடத்தினார். ஆங்கிலேயர் பேட்டையைத் தாக்கினர். மதிலை வெல்ல இயலவில்லை. பிரெஞ்சுப் படை நெருங்கியதும் அவர்கள் அஞ்சிச் சிதறி, ஊட்டத்தூர் வழியே திருச்சிக்குப் பின்வாங்கினர். இதை மறைக்காமல் எழுதியிருப்பவர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். அவரது நூலின் முதல் தொகுதி 1763-இல் வெளிவந்தது. வெற்றி என்று சொல்லத்தக்கது மறு ஆண்டு நிகழ்ந்தது. 1752-இல் தளபதி தோத்தேய் இங்கேதான் கிளைவிடம் சரணடைந்தார். அவ்வாண்டே சந்தா சாஹிபும் கொல்லப்பட்டார். ஓராண்டுத் தோல்வியையும் மறு ஆண்டு வெற்றியையும் ஒரே வாக்கியத்தில் குழைத்துவிட்டால், வென்றவர் மட்டுமே எஞ்சுகிறார்.

நம்மவர் சிலர் இதை ‘முஸ்லிம்களின் கோட்டை’ என்று பெருமையுடன் குறிப்பிடுவதையும் நாம் ஏற்பதற்கில்லை. 1751-இல் மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் இருந்த தலைவர்கள் முஸ்லிம்களே. ஒருவர் ஐரோப்பிய அணியொன்றை அழைத்துவந்தார், மற்றவர் அதன் பகை அணியை. தோளோடு தோள் நின்று தொழ வேண்டியவர்கள் அந்நியரின் பீரங்கியை எதிரெதிரே நிறுத்தினர். பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவைப் பாருங்கள் என்று திருக்குர்ஆன் மீண்டும் மீண்டும் அழைப்பது பெருமை பேசுவதற்காகவா? பார்ப்பதற்கு முதலில் உண்மை தெரிந்திருக்க வேண்டும். சந்தா சாஹிபை அழித்த அந்தக் கூட்டணிதான் முஹம்மது அலியைக் கடனாளியாக்கியது. 1801-இல் அவரது வாரிசுகளின் ஆட்சியையும் கம்பெனி எடுத்துக்கொண்டது.

தரங்கம்பாடி டேனிஷ் கோட்டையிலும் வேலூர்க் கோட்டையிலும் அருங்காட்சியகங்கள் உள்ளன. ரஞ்சன்குடிக்கு உடனடியாக அவ்வளவு கேட்கவில்லை. 1673, 1677, 1751, 1752 ஆகிய நான்கு ஆண்டுகளையும் பிரித்துச் சொல்லும் தெளிவான தமிழ்ப் பலகையொன்று, வாலிகண்டபுரத்துக்கு வழிகாட்டும் ஓர் அம்புக்குறி, மேலே உள்ள பள்ளிவாசல் யார் தொழுத இடம் என்று விளக்கும் சில வரிகள்: இவற்றுக்குப் பெருஞ்செலவு பிடிக்காது. பெரம்பலூர், அரியலூர் ஜமாஅத்தினரும் கல்லூரி வரலாற்றுத் துறையினரும் சேர்ந்து வாசகத்தை எழுதித் தொல்லியல் துறையிடம் அளிக்கலாம். அதில் அடைக்கலம் தந்த அரியலூர்ப் பாளையக்காரருக்கும் ஒரு வரி இருக்கட்டும்.