இல்லாத தம்பி: ‘கோல்மால்’, ‘தில்லுமுல்லு’ படங்களில் இரட்டையர் புனைவு

தமிழ்த் திரைப்படத் திறனாய்வில் மறுஆக்கங்கள் பெரும்பாலும் ‘தழுவல்’ என்ற ஒற்றைச் சொல்லால் ஒதுக்கப்படுகின்றன. மூலத்தில் எது கைவிடப்பட்டது, எது இடம் மாறியது என்னும் வினாக்கள் எழுவதில்லை. ரிஷிகேஷ் முகர்ஜி பம்பாயைக் களமாகக் கொண்டு, ஆடம்பரமின்றி இந்தியில் இயக்கிய ‘கோல்மால்’ (1979), கே. பாலசந்தர் அதனைத் தமிழாக்கிய ‘தில்லுமுல்லு’ (1981) ஆகியவற்றை அவ்வாறு ஒதுக்குதல் பொருந்தாது.

அண்ணன் அடக்கமானவன், மீசையுடையவன். தம்பி பாட்டிலும் பொழுதுபோக்கிலும் நாட்டமுள்ளவன், மீசையற்றவன். முதலாளி அண்ணனை மருமகனாக்க விரும்ப, மகளோ தம்பியைக் காதலிக்கிறாள். தம்பி என்றொருவன் இல்லை என்பதே கதையின் அச்சு. பொய் சொல்லி விடுப்புப் பெற்று விளையாட்டுப் போட்டிக்குச் சென்ற ஊழியன் அங்கே முதலாளியின் கண்ணில் பட்டுவிடுகிறான். வேலையைக் காத்துக்கொள்ளவே ஓர் இரட்டைப் பிறவியைப் படைக்கிறான். தம்பி பிறந்தது அச்சத்தில் என்பது கருதத்தக்கது.

நகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்களுள் மடமும் ஒன்று. கொண்டதை விடாமையே மடம் என்பது உரைமரபு. மகளிர்க்கு அணியாகச் சொல்லப்பட்ட அப்பண்பு இங்கு முதலாளியிடம் குடியேறியிருக்கிறது. மீசையே ஒழுக்கம் என்று கொண்டதை அவர் விடவில்லை.

பெயர்மாற்றம் இதனினும் நுட்பமானது. இந்தியில் ராம்பிரசாத், லட்சுமண்பிரசாத் என்பன உடன்பிறப்பொற்றுமையின் இலக்கணமான பெயர்கள், முரண்நகை வெளிப்படையானது. தமிழில் அவர்கள் சந்திரனும் இந்திரனும் ஆகின்றனர். கௌதமர் வடிவில் அகலிகையிடம் வந்தவன் இந்திரன். குருவின் மனையாளான தாரையை விரும்பியவன் சந்திரன். ஆள்மாறாட்டக் கதைக்கு இவற்றினும் ஏற்ற பெயர்கள் அரிது. இராமன் பெயரோ முதலாளிக்குச் சென்றுவிட்டது: ஸ்ரீராமச்சந்திரமூர்த்தி. அவர் விரும்பும் மருமகன் அவர் பெயருக்குள்ளேயே இருக்கிறான்! இயக்குநர் எண்ணிச் செய்தாரோ, இல்லையோ, பனுவல் அவ்வாறு அமைந்துள்ளது.

இழப்பும் உண்டு. அமோல் பாலேக்கரின் முகம் புறநகர் ரயிலில் நாள்தோறும் காணும் முகம். அவருடைய இரு வேடங்களும் ஓர் ஊழியனின் இரு பாதிகள். ரஜினிகாந்தின் இந்திரனோ நட்சத்திரத்தின் கொண்டாட்டமாகிவிடுகிறான். வேலை போய்விடும் என்னும் அச்சம் அவனிடம் மங்குகிறது.

களமும் பம்பாயிலிருந்து சென்னைக்குப் பெயர்ந்தது. மாதுங்காவிலும் செம்பூரிலும் தட்டெழுத்து, சுருக்கெழுத்து, கணக்கு ஆகியவற்றை நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. 1966இல் தோன்றிய சிவசேனை தென்னிந்திய அலுவலர்களுக்கு எதிராகக் குரலெழுப்பிய காலத்தை அவர்கள் கண்டவர்கள். அலுவலகத்திற்கொரு முகம், வீட்டிற்கொரு முகம் என்பது அவர்களுக்கு வேடிக்கை மட்டுமன்று. பம்பாயிலேயே நிகழும் தமிழ்ப் படமாக இது அமைந்திருப்பின், அவ்வாழ்வு பெருவழக்குத் திரைக்குள் வர ஒரு வாயில் திறந்திருக்கும். பின்னர் ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகியன தமிழரின் மும்பையைத் தாராவியாகவும், தாராவியைத் தலைவனொருவனின் கோட்டையாகவும் நிலைநிறுத்தின. மாதுங்காவின் கணக்கருக்கு அத்திரையில் இடமில்லை.

‘கோல்மால்’ குடும்பப் புகைப்படத்துடன் முடிகிறது. அதில் முதலாளி பவானி சங்கருக்கு மீசை இல்லை.