கொள்ளிக்கட்டை முதல் கதவு வரை: தமிழ்ச் சிறுகதையில் குறியீடும் மனிதக் குறையும்

அரியலூர் மாவட்டம் திருமானூர் ஒன்றியத்தில், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கிறது ஏலாக்குறிச்சி. அடைக்கல மாதா கோயிலால் பேர்பெற்ற ஊர். இத்தாலியில் பிறந்து, தமிழகம் வந்து, வீரமாமுனிவர் ஆன பெஸ்கி பாதிரியார் நெடுங்காலம் தங்கியிருந்த இடம். திருக்காவலூர் என்று அவர் இந்த ஊரைப் பாடிய கலம்பகம் இன்றும் கிடைக்கிறது. தேம்பாவணியும் சதுரகராதியும் அவருக்குப் புலவர் வரிசையில் இடம் வாங்கித் தந்தன. அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையை மட்டும் நாம் பிள்ளைகளிடம் தள்ளிவிட்டோம். 1822இல் பாபிங்டன் என்பவர் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார். இருநூறு ஆண்டுகள் கழிந்தும் அது நமக்குச் சிரிப்புக் கதையாகவே இருக்கிறது. தமிழ்ப் புனைகதையில் குறியீடு எப்படி இயங்குகிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்தச் சிரிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு விழித்திருக்கும்போது இறங்கினால் விழுங்கிவிடும் என்பது அவர்கள் பயம். எரிகிற கொள்ளிக்கட்டையோடு ஒரு சீடன் போய்த் தண்ணீரில் தோய்க்கிறான். 'சுர்' என்று சத்தம், புகை. ஆறு விழித்திருக்கிறது என்று அலறிக்கொண்டு ஓடிவருகிறான். பிறகு அதே கட்டையை, அணைந்து கரியான கட்டையை, மறுபடி தோய்க்கிறார்கள். சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது என்று துணிந்து இறங்குகிறார்கள். கரையேறியதும் தலை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதால் ஒரு ஆள் குறைகிறது. ஆறு ஒருவனைக் கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி எழுகிறது. வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கு ஓர் அடி போட்டு எண்ணவைத்துக் கணக்கைச் சரிசெய்கிறான், அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்கிறான்.

இதே எண்ணிக்கைக் கதையை வேதாந்திகள் 'பத்தாமவன்' என்று சொல்லி ஆத்ம விசாரத்துக்கு எடுத்துக்காட்டாக்குவார்கள். வீரமாமுனிவரின் கதையில் தத்துவ விளக்கம் எதுவும் இல்லை. கட்டை கட்டையாகவே இருக்கிறது, ஆறும் தன் போக்கில் ஓடுகிறது. கோளாறு பார்க்கிறவன் கண்ணில். தமிழின் சிறந்த சிறுகதைகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை என்பது என் துணிபு. அவற்றில் குறியீடு என்பது புழக்கத்தில் உள்ள ஒரு பொருள். மனிதன் அதைத் தப்பாகப் படிக்கிறான், அல்லது தப்பாகக் கையாள்கிறான். கதை அங்கேதான் பிறக்கிறது.

1915இல் வந்த வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' இதற்கு நல்ல தொடக்கம். தாகூரின் கதையொன்றைத் தழுவியது என்றாலும் ஆர்பத்நாட் கம்பெனி திவாலானதையும் அதில் ஒரு குடும்பம் நொடிந்ததையும் சேர்த்து அதை நம் மண்ணின் கதையாக்கிவிட்டார். மரம் எல்லாவற்றையும் பார்க்கிறது, எதையும் தடுக்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துப் பெண் ருக்மிணியின் கணவன் நாகராஜன் மனத்தில் கெடுதல் கிடையாது. பெற்றோருக்குப் பாடம் புகட்ட நினைத்தவன், அந்த உத்தியை ருக்மிணியிடம் சொல்லாமல் மறைத்துவிட்டான். அவன் நடிப்பை அவள் உண்மை என்று எடுத்துக்கொண்டாள். குளம் அவளை வாங்கிக்கொண்டது.

அமெரிக்கச் சிறுகதையின் செவ்வியல் காலத்தில் மனிதன் தப்பாகப் படிக்கும் இந்தச் சிக்கலை நேராகக் கையிலெடுத்தவர் நத்தானியல் ஹாதார்ன். 1843இல் வந்த அவருடைய 'பிறவி மறு' கதையில் அய்ல்மர் என்ற விஞ்ஞானி, மனைவி ஜார்ஜியானாவின் கன்னத்தில் சின்னக் கைபோல் இருக்கும் மறுவைப் பொறுக்கமாட்டாமல் மருந்து கொடுக்கிறான். மறு மறைகிறது, அவளும் போய்விடுகிறாள். குறையைத் துடைக்கப் புறப்பட்டவனே பெரிய குறையுள்ளவன் என்பது கதையின் முடிவு.

நூறு ஆண்டு கழித்து, 1943இல், புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் அதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தார். அகலிகையைக் கல்லிலிருந்து எழுப்பிய ராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். அய்ல்மரின் பிழையை ஒரு தனிமனிதனின் பித்து என்று ஒதுக்கலாம். புதுமைப்பித்தன் கைவைத்தது ஊரே கும்பிடும் நியாயத்தில். ஜெயகாந்தன் 1966இல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேச'மும் இந்த வரிசையைச் சேர்ந்தது. கெடுக்கப்பட்டு வந்து நிற்கும் மகள் தலையில் தாய் தண்ணீரை ஊற்றி, கறை போய்விட்டது என்று தேற்றுகிறாள். வாசகர்கள் கொதித்தார்கள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகும் என்று அவரே 'சில நேரங்களில் சில மனிதர்க'ளாக விரித்தார். ஒரு குடம் தண்ணீரை எப்படிப் படிப்பது என்பதில் தமிழ்நாடே இரண்டுபட்ட கதை அது.

திருமானூரிலிருந்து கொள்ளிடப் பாலம் தாண்டினால் தஞ்சை மாவட்டம். மணிக்கொடி இதழின் காலத்திலிருந்து தமிழ்ச் சிறுகதைக்குப் பாதி ஆட்களைத் தந்த மண். கு.ப.ரா.வின் 'விடியுமா?' கதையில் சென்னை ஆஸ்பத்திரியில் கணவன் கிடக்கிறான் என்ற தந்தி வந்து, மனைவி இரவு ரயிலேறுகிறாள். பயணம் முழுக்கப் பயம். விடிந்தபோது அவன் உயிரோடு இல்லை. அப்போது அவள் மனத்தில் கவியும் அமைதியைச் சொல்லும் துணிச்சல் கு.ப.ரா.வுக்கு இருந்தது. தலைப்பிலுள்ள விடியலை மங்கலம் என்றும் சொல்ல முடியாது, அமங்கலம் என்றும் தள்ள முடியாது.

தி. ஜானகிராமனின் 'பாயசம்' இன்னும் ஒரு படி மேல். சாமநாதுவுக்கு 77 வயது. அண்ணன் மகன் சுப்பராயன் செல்வாக்கோடு வாழ்வது அவருக்கு ஆகவில்லை. செத்துப்போன மனைவிகூட மனத்துக்குள் வந்து அவரைக் குத்திக்காட்டுகிறாள். சுப்பராயன் வீட்டுக் கல்யாணத்தன்று, ஆளில்லாத நேரம் பார்த்துப் பாயசப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுகிறார். கேட்டால், பெருச்சாளி விழுந்து கிடந்தது என்கிறார். கவனிக்க வேண்டியது அந்தப் பெருச்சாளி. பாத்திரத்தில் அது இல்லை, கவிழ்த்த கையின் உள்ளேதான் ஓடிக்கொண்டிருந்தது. தி.ஜா. இதை விளக்கவில்லை. ஒரு பொய்யாக வாயிலிருந்து விழவிட்டார், அது குறியீடாகிவிட்டது. 'கோபுர விளக்'கில் எரியாத விளக்கும் அப்படியே. வயிற்றுக்காக உடம்பை விற்ற தருமு செத்துக்கிடக்கிறாள், தூக்க நாதியில்லை. கோபுரத்து இருட்டு அவளுக்கான துக்கம். பக்தர்களுக்கோ விளக்கு எரியவில்லை என்பதுதான் குறை.

கரிசல் காட்டில் கி. ராஜநாராயணனின் 'கதவு' நிற்கிறது. பிள்ளைகள் ஏறி விளையாடும் கதவைத் தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். அதிகாரிக்கு அது பாக்கிக்கு ஈடு. வீட்டுக்கு அது வாடைக்காற்றை நிறுத்தும் பலகை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு வண்டி. மூன்றும் மெய், ஆனால் சட்டம் ஒன்றை மட்டுமே படிக்கும். 1937இல் வெளியான ஸ்டைன்பெக்கின் 'செவ்வந்திப் பூக்க'ளில் இதன் உறவைக் காணலாம். எலிசா ஆசையாகக் கொடுத்த நாற்றுகளைப் பாத்திரம் பழுதுபார்ப்பவன் சாலையில் கொட்டிவிட்டுத் தொட்டியை மட்டும் வைத்துக்கொள்கிறான். அசோகமித்திரனின் 'புலிக்கலைஞ'னில் காதர், சினிமா ஆபீசில் புலியாகவே பாய்ந்து காட்டிவிட்டு, மறுகணம் வேலை கேட்டுக் கெஞ்சுகிறான். பார்த்தவர்களுக்கு எது வேஷம் என்ற குழப்பம். பிறகு அவனுக்கு வாய்ப்புக் கொடுக்க ஆபீசிலிருந்து அனுப்பிய கடிதம் ஆளில்லாமல் திரும்பி வருகிறது.

இந்த வாதத்துக்கு அடங்காதவர் மௌனி. 'அழியாச்சுடர்' கோயில் யாளியை அன்றாடப் பொருள் என்று சொல்ல முடியாது. அவர் எழுதிய கதைகள் இருபத்து நான்கு அளவில்தான், ஆனால் அவரைப் பார்த்து எழுதியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பொருளை விட்டுவிட்டுப் பூடகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எழுபதுகளின் சிறுபத்திரிகைக் கதைகள் பலவற்றில் ஜன்னலும் நிழலும் சும்மா நின்றுகொண்டிருந்ததற்கு அதுவே காரணம். பிளானரி ஓகானர் தன் கதையில் வரும் மரக்காலைப் பற்றிச் சொன்னதன் சாரம், அது முதலில் மரக்காலாக இருந்து, கதை நகர நகரப் பொருள் சேர்த்துக்கொண்டது என்பதுதான். நம் பூடகக்காரர்களுக்கு வேண்டிய பாடம் அது.

அண்மைக்காலத்தில் விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து எழுதும் இமையம் குறியீட்டையே ஏறக்குறைய கைவிட்டுவிட்டார். 'பெத்தவ'னில் மகளைக் கொன்றுவிடுவதாக ஊருக்கு வாக்குக் கொடுத்த தகப்பன், அவளைத் தப்பவைத்துவிட்டுத் தான் சாகிறார். அங்கே தப்பாகப் படிக்க ஒன்றுமில்லை. ஊர் தெரிந்தேதான் செய்கிறது. அறியாமையிலிருந்து அறிந்து செய்யும் கொடுமைக்குத் தமிழ்க் கதை வந்து சேர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

சிறுகதையில் குறியீட்டைத் தேடும் நம் விமர்சனம், எது எதைக் குறிக்கிறது என்று பட்டியல் போடுவதோடு நின்றுவிடுகிறது. யார் அதைத் தப்பாகப் படித்தார், அதனால் யார் அழிந்தார் என்று கேட்டால் கதை தானாகத் திறக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கும் நூல் ஏலாக்குறிச்சியில் வாழ்ந்தவர் கையால் எழுதப்பட்டு நம்மிடம் இருக்கிறது. கல்லூரிகளில் சிறுகதை வரலாற்றை 1915இலிருந்து தொடங்கும் ஆசிரியர்கள், முதல் வகுப்பிலேயே பரமார்த்த குருவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறுவர் அலமாரியிலிருந்து அதை எடுத்துப் பெரியவர்கள் படிக்க வேண்டிய காலம் இது.