நான்கு கரங்களின் வித்தை

பல் வைத்தியரின் கைத்திறனை மெச்சுவோர் அநேகர். நோயாளியின் இடப்பக்கம் அமர்ந்து, வைத்தியர் கேட்குமுன்னரே வேண்டிய கருவியை அவர் விரல்களுக்கிடையே சேர்ப்பித்து, மறு கையால் உறிஞ்சுகுழாயைப் பிடித்து எச்சிலையும் நீரையும் அகற்றிக்கொண்டிருக்கும் உதவியாளரைக் கவனிப்போர் மிகச் சிலரே. 1885-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் வைத்தியர் எட்மண்ட் கெல்ஸ் ஒரு பெண்மணியை உதவிக்கு அமர்த்திய காலத்தில், தனியே வரும் ஸ்திரீகள் சங்கோசமின்றிச் சிகிச்சை பெறலாமென்ற ஆறுதலே அப்பதவியின் பிரதான உபயோகமாக இருந்தது. இன்றோ அமெரிக்காவின் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில், 300 மணி நேர நேரடிப் பயிற்சி உள்பட, குறைந்தது 900 மணி நேரம் கற்றுச் சான்றிதழ் பெறும் படிப்பாக அது வளர்ந்துவிட்டது.

அப்படிப்பில் என் மனத்தைக் கவர்வது, பல்லச்சு எடுப்பதற்கு ஆல்ஜினேட் குழைக்கும் பாடம். கடற்பாசியின் சத்து கலந்த அப்பொடியை ரப்பர்க் கிண்ணத்தில் அளந்த நீருடன் சேர்த்து, அகன்ற கரண்டியால் கிண்ணத்தின் பக்கத்தில் அழுத்தித் தேய்த்து, ஒரு நிமிஷத்துக்குள் வழவழப்பாக்கியாக வேண்டும். நீர் அதிகச் சூடாயிருந்தால் கலவை வாய்க்குப் போகுமுன்னரே இறுகிவிடும். காற்றுக்குமிழி ஒன்று தங்கினாலோ, பிற்பாடு அதில் வார்க்கும் ஜிப்சம் வார்ப்பில், இல்லாத ஒரு பரு பல்லின்மேல் முளைத்து நிற்கும். கிருமிநீக்கம், எக்ஸ்ரே, 32 பற்களுக்குரிய இலக்கங்கள் எல்லாம் அவசியமே. ஆயினும் புத்தகத்தால் வராமல் மணிக்கட்டால் மட்டுமே வரும் இவ்வித்தைதான் எனக்குப் பிரமிப்பூட்டுகிறது. குமட்டலெடுக்கும் நோயாளியை மூக்கால் மூச்சுவிடச் சொல்லி, தலையைச் சற்று முன்னே சாய்க்கச் செய்து, அச்சு இறுகும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பதும் உதவியாளரின் பணிதான். அதற்கு மதிப்பெண் எப்படிப் போடுகிறார்களோ!