கள்ளும் புகையிலையும்: ‘நிலவிலே பேசுவோம்’ கதையை முன்வைத்து ஒரு குறிப்பு

மனத்தை மயக்குந் தாவரப் பொருள்கள் பற்றிய சமூக மதிப்பீடு அவற்றின் இயல்பினால் மட்டும் அமைவதன்று. விளைவிப்போர் யார், நுகர்வோர் யார், விலக்குவோர் யார் என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. சங்கப் பாடல்களிற் கள், மன்னரும் பாணரும் பகிர்ந்துண்ணும் விருந்து. அதியமான் ஔவைக்கு அளித்த நட்பின் அடையாளம். திருக்குறளிலோ அது தனியதிகாரம் வகுத்துக் கடியப்படுகிறது. பொருள் ஒன்றே, சமுதாயம் மாறிற்று.

இத்தகைய மதிப்பீட்டு வேறுபாட்டைக் கரவெட்டியை உள்ளடக்கிய வடமராட்சியிலும் காணலாம். பனங்கள், புகையிலை இரண்டும் யாழ்ப்பாண மண் தந்தவையே. காணியுடைய வேளாளரின் பணப்பயிரான புகையிலை திருவிதாங்கூர்வரை சென்று செல்வமும் மதிப்பும் ஈட்டிற்று. கள்ளோ, மரமேறிச் சீவிய நளவரின் தொழிலாதலின் இழிவின் குறியாயிற்று. பிளாவிற் கள்ளருந்தியோர் பல சாதியிலும் இருந்தனர். இழிவுமட்டும் ஏறியவனைச் சார்ந்தது.

கரவெட்டியின் வதிரியிற் கா. சூரன் வளர்த்தெடுத்த தேவரையாளிக் கல்விக்கூடம், ஒடுக்கப்பட்டோரிடையே எழுத்தாளர் பலர் தோன்றக் களமாயிற்று. அச்சூழலோடு தொடர்புடைய என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ (தொகுதி 1962) இங்கு கவனத்துக்குரியது. மேடையில் மதுவிலக்கை வற்புறுத்தும் பெரியவர், தம்மைக் காணவந்த ஒடுக்கப்பட்டோரை வீட்டினுள் அழைக்க மனமின்றி, நிலவின் இனிமையைச் சாட்டாக்கி வெளியே அழைத்துச் செல்கிறார். காதலுக்கும் கவிதைக்குமுரிய நிலவு இங்கே வேலியாகிறது.

இக்கதை சாதியப் போலித்தனத்தை அம்பலப்படுத்துவதாகவே பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. அது சரியே. ஆயின், அவர் மதுவிலக்குப் பிரசாரகராக அமைந்தமை தற்செயலன்று. ஒருவனது தொழிலை ஒழுக்கக்கேடென வரையறுக்கும் அதிகாரமும், அவனை வாசலில் நிறுத்தும் அதிகாரமும் ஒரே ஊற்றிற் பிறந்தவை. இவ்விணைப்பைக் காணாத விமர்சனம் கதையின் பாதியையே காண்கிறது.

இதனாற் கள்ளைப் புனிதப்படுத்த வேண்டுமென்பதில்லை. குடியாற் சிதைந்தவற்றுள் உழைப்பாளர் குடும்பங்கள் பல. முற்போக்கு விமர்சனம் அவ்வுண்மையை மறைத்தலாகாது. எனினும், தீங்கை அகற்றுவதும் தொழிலாளியை இழிவுபடுத்துவதும் வேறுவேறு. 1978இற் பனை அபிவிருத்திச் சபை அமைந்தபோது பனை ‘வள’மெனப் பெயர்பெற்றது, அதனை ஏறியவனின் மதிப்பு அதே வேகத்தில் உயரவில்லை.

இன்று வடமராட்சிக் கரையிற் கைப்பற்றப்படும் கஞ்சா, எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய கனடாவில் 2018 முதற் சட்டபூர்வமான கடைச்சரக்கு. செடியின் நன்மை தீமையை ஆராய்வோர், தீர்ப்பு வழங்குபவர் எவ்வாசலில் நின்று பேசுகிறார் என்பதையும் ஆராய வேண்டும். ரகுநாதனின் கதை அவ்வினாவை எம்முன் வைத்துச் செல்கிறது.