பிறர் குரலும் ஆய்வாளர் கையும்: தெலுங்கானாப் பெண்களின் வாய்மொழி வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

'குரலற்றோருக்குக் குரல் கொடுத்தல்' என்னும் தொடர் பெண்நிலைவாத ஆய்வுகளிலே பெருவழக்காகிவிட்டது. குரல் அவர்களிடம் முன்னரே இருந்தது என்பதையும், அதனை அச்சேற்றும் சாதனங்கள் எவர் வசமிருந்தன என்பதையும் அத்தொடர் மறைத்துவிடுகின்றது. இவ்வகையில், ஐதராபாத்தின் ஸ்த்ரீ சக்தி சங்கடனா என்னும் குழுவினர் 1986இல் தெலுங்கிலும் 1989இல் ஆங்கிலத்திலும் வெளியிட்ட தெலுங்கானாப் போராட்டப் பெண்களின் வாய்மொழி வரலாறு நமது கவனத்துக்குரியது. முதலில் தெலுங்கில் வந்தமை அற்ப விஷயமன்று. பேசியோரின் மொழியிலேயே அவர்தம் பேச்சு முதலிற் சென்றடைந்தது.

நூலிற் பேசுவோருள் ஒருவர் சிட்யால ஐலம்மா. சலவைத் தொழிலாளர் சாதியிற் பிறந்த அவர், பாலகுர்த்தியில் தமது விளைச்சலைக் கவர வந்த விஸ்னூர் தேஷ்முக்கின் ஆட்களைச் சங்கத்தாரின் துணையுடன் எதிர்த்து நின்றவர். அவர் காலமானது 1985இல். நூல் அச்சேறிய வேளையில், 'நான் சொன்னது இதுவன்று' என மறுத்துரைக்க அவர் இருக்கவில்லை. சமூகவியலார் தகவலாளியின் பெயரை மறைப்பதையே அறமெனக் கொள்வர். இங்கு அது பொருந்தாது. வரலாற்றினின்றும் ஏற்கெனவே நீக்கப்பட்டோரின் பெயரை மறைப்பது இரண்டாவது நீக்கமாகும். பெயர்களை வெளியிட்டமை சரியே என்பது எமது துணிபு.

சிக்கல் வேறிடத்தில் உளது. தலைமறைவு வாழ்விற் கைக்குழந்தையைப் பிரிய நேர்ந்த கமலம்மாவின் துயரமும், 1951இல் போராட்டம் கைவிடப்பட்டபின் வீடு திரும்புமாறு பணிக்கப்பட்டோரின் மனக்கசப்பும் இந்நூலில் உள்ளன. ஆயினும் அதே காலத்தைத் தம் வாழ்வின் உன்னத காலமாகவும் அப்பெண்கள் நினைவுகூருகின்றனர். கட்சியின் ஆணாதிக்கத்துக்குச் சாட்சியம் தேடுவோர்க்கு இம்மகிழ்ச்சி இடையூறு. எம்மனோர்க்கு அக்கசப்பு இடையூறு. சுந்தரய்யாவின் 1972ஆம் ஆண்டு நூலிலும் பெண்கள் பற்றிய அத்தியாயம் உண்டு. அங்கு வீரம் உண்டு, முறையீடு அரிது. முற்போக்கு விமர்சகராகிய நாமும் நெடுங்காலம் வீராங்கனைகளையே தேடினோம் என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். உழைப்பாளியின் சொல்லை மூலப்பொருளாக எடுத்து, பொருள்கொள்ளும் உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொள்வதில் இரு சாராரும் வேறுபட்டவரல்லர்.

இக்குழுவினர் முரண்பாட்டை அழிக்காது விட்டனர். அதுவே அவர்களது நேர்மை. ஆனால் அவர்களது நீண்ட முன்னுரை கதைகளுக்கு முன்னால் நிற்கின்றது; வாசகன் ஐலம்மாவிடம் வந்துசேரும்போது அவரை எவ்வாறு கேட்கவேண்டும் என்பது அவனுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிடுகின்றது. நாம் இந்நூலைப் பின்னிருந்தே வாசித்தோம்.