மகிஷனுக்கும் ஒரு குடை

மாமல்லபுரம் குன்றின் மேல், கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி மண்டபம் இருக்கிறது. அதன் வடக்குச் சுவரில் போர் நடந்துகொண்டிருக்கிறது. சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு துர்க்கை, சுற்றிலும் குள்ளக் கணங்கள். எதிரே எருமைத் தலையும் மனித உடலுமாக மகிஷன், கனத்த தண்டாயுதத்தைப் பிடித்தபடி நிற்கிறான். உடல் பின்னால் சாய்ந்துவிட்டது, கால் விலகத் தொடங்கிவிட்டது, முகம் மட்டும் அவளை விட்டுத் திரும்பவில்லை. இவ்வளவையும் எல்லோரும் பார்த்துவிடுகிறோம். கண்ணில் படாமல் போவது அவன் தலைக்கு மேலிருக்கும் குடை. குடை அரசனுக்கு உரியது. தேவிக்குக் குடை இருப்பதில் வியப்பில்லை. அசுரனுக்கும் அதைச் செதுக்கியிருக்கிறான் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி. தோற்கப்போகிறவனுக்கும் ஒரு நாடு உண்டு, ஒரு படை உண்டு, அவனை ராஜா என்று கும்பிடுகிறவர்கள் உண்டு என்று அந்தக் குடை சொல்கிறது.

பெரிய அறிவியல் புனைகதைத் தொடர்களை எப்படி ரசிப்பது என்று கேட்பவர்களை முதலில் இந்தக் குடைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தலாம். ஃப்ராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ வரிசையையோ லியு சிஷினின் ‘மூன்று உடல்’ வரிசையையோ கையில் எடுத்துவிட்டுப் பாதியில் வைத்துவிடுகிறவர்கள் வழக்கமாக இரண்டு குறை சொல்வார்கள். கதை தொடங்கவே நூறு பக்கம் ஆகிறது, அதுவரை புரியாத பெயர்களும் சடங்குகளும்தான் என்பது ஒன்று. கடைசிவரை யார் பக்கம் நிற்பது என்று பிடிபடவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் தனித்தனிக் குறைகள்போலத் தெரிகின்றன. உண்மையில் ஒன்றுக்கு மற்றொன்றே பதில். அந்தச் சடங்குகளையும் சட்டங்களையும் பொறுமையாக உள்வாங்கிக்கொண்டவருக்குத்தான், யார் பக்கம் நிற்பது என்ற கேள்வி ஏன் அவ்வளவு கடினமானது என்று விளங்கும். கற்பனைப் பண்பாடு கதைக்குப் பின்னால் தொங்கும் படுதா என்று நினைத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டால், அறச்சிக்கலும் கையை விட்டுப் போய்விடும்.

1965இல் வெளிவந்த ‘டியூன்’ நாவலில் சிறிய காட்சி ஒன்று வரும். அராக்கிஸ் என்ற பாலைவனக் கோளை ஆள வந்திருக்கும் பிரபு, அங்குள்ள ஃப்ரெமென் மக்களின் தலைவன் ஒருவனைச் சந்திக்கிறார். அவன் மேஜையின் மேல் எச்சில் துப்புகிறான். பிரபுவின் ஆட்கள் கொதித்தெழுகிறார்கள். அந்த மக்களோடு பழகிய ஒருவன் குறுக்கே வந்து, உடம்பிலிருக்கும் ஈரத்தில் ஒரு பங்கைத் தந்ததற்கு நன்றி சொல்கிறான். மழையே காணாத நிலத்தில் எச்சில் காணிக்கை. அங்கே இறந்தவரின் உடலில் உள்ள நீர் குலத்தின் பொதுச்சொத்து. உடுத்தும் உடையே வியர்வையைப் பிடித்துக் குடிநீராக்குகிறது. இந்தக் காட்சியில் நின்று நிதானிக்க வேண்டும். ஏரிப் பாசனத்தில் வளர்ந்த செங்கல்பட்டு வாசகருக்கு இது எளிதாகவே பிடிபடும். தலைமடைக்காரர் எவ்வளவு எடுக்கலாம், கடைமடைக்கு எப்போது முறை வரும் என்பதையொட்டி நியாயமும் சண்டையும் வளர்ந்த மாவட்டம் இது. கரை உடையாமல் இருந்ததற்காக மதுராந்தகத்தில் ராமருக்கே ‘ஏரி காத்த ராமர்’ என்று பெயர். தண்ணீர் எப்படி வருகிறது என்பதைப் பொறுத்து எது மரியாதை, எது துரோகம் என்பதும் மாறும். ஆகவே புதிய உலகம் ஒன்றுக்குள் நுழையும்போது, இங்கே எது அரிது, அதை யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை. அராக்கிஸில் நீரும், பேரரசு முழுவதும் தேடி அலையும் ‘ஸ்பைஸ்’ என்ற பொருளும் யாரிடம் என்று தெரிந்தால் போதும், நாவலின் எல்லாச் சண்டைகளும் தாமாகவே பிரிந்து தெரியும்.

லியு சிஷினின் நாவல் இதை இன்னும் கடுமையாகச் சோதிக்கிறது. மூன்று சூரியன்களுக்கு நடுவே அல்லாடும் ஒரு கோளில், காலம் கெடும்போது அங்குள்ளவர்கள் உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றி, வற்றல்போல உலர்ந்து சுருண்டுகொள்கிறார்கள். நல்ல காலம் வந்ததும் நீரில் நனைந்து உயிர்க்கிறார்கள். எத்தனையோ முறை அழிந்து எழுந்த அந்த நாகரிகத்துக்கு, நிலையான ஒரே சூரியனைச் சுற்றும் பூமி கண்ணில் படுகிறது. அவர்கள் நம் நிலத்தைப் பறிக்க வருவது வெறும் கொடுமையால் அல்ல என்று அந்த உலர்ந்த உடல்களைப் பார்த்தவருக்குப் புரியும். பூமியின் பக்கத்தில் யே வென்ஜியே என்ற விஞ்ஞானி. சீனாவின் பண்பாட்டுப் புரட்சியில் தன் தந்தை கண்ணெதிரே அடித்துக் கொல்லப்பட்டதைப் பார்த்தவள். அந்தக் கோளிலிருந்து ஒருவன், தன் இனத்துக்கே துரோகம் செய்து, பதில் அனுப்பாதே என்று அவளை எச்சரிக்கிறான். மனிதர்கள்மேல் நம்பிக்கை இழந்த அவள் பதில் அனுப்பிவிடுகிறாள். அவன் துரோகி, நமக்கு நல்லவன். அவளுடைய கோபம் நியாயமானது, அவள் செய்தது மனித குலத்துக்கே உலை வைத்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் மனதில் தாங்கிக்கொள்ள முடிகிறதா என்பதுதான் இந்த வகை எழுத்து வாசகரிடம் கேட்கும் உழைப்பு. அதைக் கொடுத்தவருக்குக் கிடைக்கும் இன்பம் வேறு எந்த வகைக் கதையிலும் எளிதில் கிடைக்காது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லோருக்கும் காரணம் சொல்லிக்கொண்டே போனால் தீமை என்று எதைத்தான் சொல்வது? கொலைகாரனுக்கும் ஒரு குடை பிடித்துவிட்டால் கொலை சின்ன விஷயமாகிவிடாதா? கேள்வி சரியானதுதான். அதற்கும் அந்தச் சுவரிலேயே பதில் இருக்கிறது. குடை இருந்தும் மகிஷன் பின்வாங்குகிறான். யார் வெல்லப்போகிறார்கள் என்பதில் சிற்பிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. யார் வெல்ல வேண்டும் என்பதிலும் இல்லை. எதிரிக்குரிய மரியாதையைக் கொடுத்த பிறகும் தீர்ப்பு மாறவில்லை. எதைத் தோற்கடித்தார்கள் என்பது தெரிந்ததால் அது கனமான தீர்ப்பாகிறது, அவ்வளவுதான்.

இதே பதிலைத் தொண்டை மண்டலத்துக் கிராமங்கள் மண்ணில் எழுதி வைத்திருக்கின்றன. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பல இரவுகள் நடக்கும். துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டு வரும்போது மற்ற வீரர்களுக்குக் குறையாத கிரீடமும் தோளில் கட்டையும் அணிந்தே வருகிறான். கூத்து அவனைக் கோமாளி ஆக்குவதில்லை. கடைசி நாள் படுகளம். திறந்தவெளியில் மல்லாந்து கிடக்கும் துரியோதனனை மண்ணால் பெரிய உருவமாக அமைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையில் அடிக்கிறார். அங்கே வைத்திருந்த சிவப்பு நீர் பீறிடுகிறது. திரௌபதி சபதம் முடித்துக் கூந்தலை அள்ளி முடிகிறாள். இத்தனை ஆண்டு காத்திருந்த நீதி அது. ஆனால் கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிப்பது விதிமீறல் என்பதும் அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அதே களத்தில் மகனை இழந்தவளின் ஒப்பாரியும் எழுகிறது. பிறகு அந்த உருவத்தின் மண்ணை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. திரௌபதிக்கு நீதி வேண்டும் என்று நேர்ந்துகொண்ட அதே ஊர் துரியோதனனுக்காக அழவும் செய்கிறது. நீதியை விட்டுக்கொடுத்துவிட்டு அழவில்லை. இந்த மனப்பயிற்சி உள்ளவர் ‘டியூன்’ வரிசையின் இரண்டாம் நாவலுக்குப் போகட்டும். 1969இல் வந்த அதில், முதல் நாவலில் நாம் கைதட்டி அரியணை ஏற்றிய பால் அட்ரெய்டிஸ், தன் பெயரால் நடந்த போரில் 6,100 கோடிப் பேர் மாண்டதைத் தானே கணக்குச் சொல்கிறான். முதல் புத்தகத்தின் வெற்றிக்குள்ளேயே இந்த எண் ஒளிந்திருந்தது. மறுபடி முதல் நாவலைத் திறந்தால், அவன் அஞ்சிய கனவுகளில் அது தெரியும்.

யார் சொல்கிறார்கள் என்று கவனிப்பதும் ரசனையில் பாதி. மாமல்லபுரத்தின் பெரும் புடைப்புச் சிற்பத்தை, சுமார் 27 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாறையை, அர்ச்சுனன் தபசு என்றும் சொல்வார்கள், பகீரதன் தவம் என்றும் சொல்வார்கள். ஒற்றைக் காலில் நின்று கைகளை மேலே தூக்கிய, எலும்பும் தோலுமான தவசியை அதில் பார்க்கலாம். கீழே, யானைகளுக்குப் பக்கத்தில், அதே கோலத்தில் ஒரு பூனை நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். தவசி வேஷம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் வருகிறது. அதைச் சொல்லி அனுப்புகிறவன் துரியோதனன்; ‘நீ அந்தப் பூனைதான்’ என்று தர்மபுத்திரனுக்கு உலூகன் மூலம் சேதி விடுகிறான். பெரும் தவத்தின் காலடியிலேயே போலித் தவத்தையும் செதுக்கிய கை, மேலே நிற்கும் தவசியைக் கேலி செய்கிறதா, அவருடைய மெய்யை இன்னும் தெளிவாகக் காட்டுகிறதா? பாறை இரண்டுக்கும் இடம் தருகிறது. அறிவியல் புனைகதையிலும் நல்லவர்களைப் பற்றிய மிகக் கூர்மையான உண்மை எதிரியின் வாயிலிருந்துதான் அடிக்கடி வரும். பகைவன் சொன்னான் என்பதால் தள்ளிவிடாமல், அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இன்னொரு மறுப்பை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. இந்தக் கற்பனைப் பண்பாடுகள் பலவும் நிஜ மனிதர்களிடமிருந்து எடுத்தவை. எடுத்தவர்களுக்குப் பெருமை, கொடுத்தவர்களுக்கு ஒன்றுமில்லை என்பார்கள். ஃப்ரெமென்கள் பேசும் மஹ்தி, ஜிஹாத் போன்ற சொற்கள் அரபியிலிருந்து வந்தவை. வெளியிலிருந்து வரும் ஓர் உயர்குல இளைஞன்தான் அவர்களை நடத்திச் செல்கிறான். இரண்டாம் நாவல் அந்த நாயகனைச் சாய்த்தாலும் இந்தக் குறை முழுதாக நீங்குவதில்லை. நீங்கிவிட்டது என்று வாதாட வேண்டியதும் இல்லை. ஆனால் நல்லதையும் சொத்தையையும் பிரித்துப் பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. நாயகன் பார்க்காத நேரத்திலும் அந்த மக்களுக்கு வாழ்க்கை இருக்கிறதா? மாசி மகத்தன்று இருளர்கள் பல ஊர்களிலிருந்து மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகிறார்கள். சேலையாலும் கம்புகளாலும் மறைப்புக் கட்டித் தங்குகிறார்கள், கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள், முடிக்கிறார்கள். சுற்றுலா வந்தவருக்கு அது ஒரு காட்சி. அவர்களுக்கோ ஆண்டு முழுவதும் காத்திருந்த நாள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதையொட்டி வந்த தடைகளும் பாம்புத்தோல் வணிகத்தை நிறுத்தியபோது, பாம்பை நம் எல்லோரையும்விட நன்றாக அறிந்த இந்த இருளர்களின் பிழைப்புதான் முதலில் போயிற்று. 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பின் விஷத்தை எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுக்கத் தொடங்கிய பிறகே அந்தத் திறமைக்கு மறுபடி கூலி கிடைத்தது. நல்ல சட்டம், நல்ல நோக்கம், யாரோ ஒருவருடைய அடுப்பில் பூனை. இப்படி ஒரு சிக்கலை மனதில் வைத்துக்கொண்டு நாவலுக்குள் போனால், அங்குள்ள மக்களுக்கு உழைப்பும் கடனும் கல்யாணமும் இருக்கின்றனவா, வெறும் மர்மமும் வீரமும்தானா என்று உடனே தெரிந்துவிடும்.

தமிழில் இதற்கு நெருங்கிய உதாரணம் சுஜாதா. ‘என் இனிய இயந்திரா’வில் பெயர்களைப் பாருங்கள்: நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ. எல்லாம் இரண்டெழுத்து. மனிதர்களைச் சுருக்கிக் கணக்கில் வைத்திருக்கும் ஓர் அரசை, பெயர்களின் நீளத்திலேயே காட்டிவிடுகிறார். ஜீவாவின் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பியவர்கள் ‘மீண்டும் ஜீனோ’வில் நிலாவைப் பொம்மை ராணியாக உட்காரவைத்துத் தாங்களே ஆளப் பார்க்கிறார்கள். நடக்கிற அத்தனையிலும் வாசகர் மனதார நம்பக்கூடியது ஜீனோ என்ற இயந்திர நாய். தொடராக வாரம் ஒன்றாகப் படித்தபோது திருப்பங்கள்தான் முன்னால் நின்றிருக்கும். இப்போது புத்தகமாகப் படிக்கிறவர்கள் அந்த அரசின் விதிகளை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு போகலாம்.

மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்தைப் பார்த்துவிட்டுக் குன்றின் வடக்கு முனைக்கும் நடந்துபோய் வாருங்கள். வெண்ணெய்ப் பந்துப் பாறையைத் தாண்டினால் திரிமூர்த்தி மண்டபம். அதன் பக்கவாட்டுச் சுவரில் இதே துர்க்கை நிற்கிறாள். போர் முடிந்துவிட்டது. சிங்கம் இல்லை, கணங்கள் இல்லை. அவள் அமைதியாக நிற்கிறாள், காலடியில் ஓர் எருமைத் தலை. முதல் மண்டபத்தை முதலில் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தத் தலைக்கு மேலே ஒரு காலத்தில் குடை இருந்தது தெரியும்.