அம்பாசிடரின் மூச்சுக்குழாய்

அம்பாசிடர் கிளம்பிப் போன பிறகும் அது நின்ற இடம் தெரியும். தரையில் ஒரு கறுப்புப் பொட்டு கிடக்கும். இதை அந்த வண்டியின் சாபம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அதன் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பொட்டுக்குப் பின்னால் எவ்வளவு அழகான யோசனை இருக்கிறது என்று தெரியும்.

இங்கிலாந்தில் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் இன்ஜின் அது. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் தயாரான அம்பாசிடரிலும் ஓடியது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்க மூன்று மெயின் பேரிங்குகள். கடைசி பேரிங்கைத் தாண்டி ஷாஃப்ட் ஃப்ளைவீல் பக்கம் வெளியே வருகிற இடத்தில், இன்றைய இன்ஜின்களில் ரப்பர் ஆயில் சீல் இருக்கும். இதில் ரப்பரே கிடையாது. ஷாஃப்டின் மேலேயே சுருள் மறை வெட்டிவிட்டார்கள். ஷாஃப்ட் சுற்றச் சுற்ற, வெளியேறப் பார்க்கும் ஆயிலை அந்த மறை உள்பக்கமாகவே தள்ளிக்கொண்டிருக்கும். தள்ளிய ஆயில் சம்ப்பில் இறங்க பேரிங் கேப்பில் வழி உண்டு. மறையும் அதைச் சூழ்ந்த உலோகமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஒன்றிரண்டு முடி கனத்துக்கு இடைவெளி. உரசல் இல்லாததால் ரப்பரைப் போல் தேய்ந்து கிழிய அங்கே ஒன்றுமில்லை. இன்ஜின் நின்றால் மறையின் வேலையும் நின்றுவிடும். மிச்சமிருக்கும் ஓரிரு சொட்டு பின்னால் வழியத்தான் செய்யும். மேட்டில் மூக்கைத் தூக்கி நிறுத்தினால் இன்னும் கொஞ்சம் கூடும்.

இந்த ஏற்பாடு ஒரே ஒரு தயவை எதிர்பார்க்கிறது: கிராங்க்கேஸுக்குள் காற்றழுத்தம் ஏறக்கூடாது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் கீழே இறங்குவது எல்லா இன்ஜினிலும் உள்ளதுதான். நம் பட்டறைகளில் அதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அந்த வாயு வெளியே போக, பழைய பி-சீரிஸில் இன்ஜினின் பக்கவாட்டுக் கவரிலிருந்து ஒரு பிரீதர் குழாய் தரையை நோக்கி இறங்கும். வண்டி ஓடும்போது அடியில் விரையும் காற்று அதன் வாயில் லேசான உறிஞ்சலை உண்டாக்கும். நெரிசலில் ஊர்ந்தால் அந்த உறிஞ்சல் கிடைக்காது. குழாயின் அடியில் கசடு இறுகிவிட்டால் வாயுவுக்குப் போக்கிடமே இல்லை. அது ஆயிலையும் தள்ளிக்கொண்டு கிடைத்த இடுக்கிலெல்லாம் வெளியேறும். மறையால் ஆயிலோடு மல்லுக்கட்ட முடியும், அழுத்தத்தோடு முடியாது.

அதனால்தான் ஆயில் ஒழுகுகிறது என்றதும் கேஸ்கட் செட் வாங்கி வரச் சொல்லும் மெக்கானிக்கை எனக்குப் பிடிப்பதில்லை. கைதேர்ந்தவர் முதலில் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார். மெல்லிய துடிப்பு மட்டும் இருந்தால் சரி. புகையோடு கையை எத்தினால், பிரீதர் அடைத்திருக்க வேண்டும் அல்லது ரிங் தேய்ந்திருக்க வேண்டும். குழாயைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கம்பி விட்டுக் குடைந்து, மறுபடி மாட்டிப் பார்ப்பார். அப்போதும் எத்தினால்தான் கம்ப்ரஷன் கேஜை எடுப்பார். பிளக் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டதும் அளவு ஏறினால், குறை பெரும்பாலும் ரிங்கில் அல்லது போரில்.

மூச்சு சரியான பிறகுதான் கசிவைத் தேடுவதில் அர்த்தம் உண்டு. ஆயில் சொட்டும் இடம் ஒன்று, புறப்பட்ட இடம் இன்னொன்று. காற்று அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விடும். இன்ஜினைக் கழுவி, துடைத்து, காயவைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, ஒரு சுற்று ஓட்டிவந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பூச்சில் ஈரக்கோடு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஊற்று. பல வண்டிகளில் பழி பின் மறைமேல் விழும், குற்றவாளியோ மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பின்பக்கத்துச் சைடு கவர். ஒற்றைப் போல்ட்டில் நிற்கும் தகடு அது. கசிகிறதே என்று யாரோ இறுக்கியிருப்பார்கள். இறுக்க இறுக்க தகடு நடுவில் குழிந்து, விளிம்பு தூக்கி, கார்க் பேக்கிங் பிதுங்கிவிடும். கவரைக் கழற்றி, சமதளத்தில் வைத்துத் தட்டி நேராக்கி, புதுக் கார்க் வைத்து அளவாக முடுக்கினால் போதும். இன்ஜினை இறக்க வேண்டிய வேலை ஒரு ஸ்பேனரோடு முடிந்துவிடும்.

இந்த பி-சீரிஸ் பரம்பரையில் என்னை மிகவும் கவர்ந்தது பிற்கால எம்.ஜி.பி. காரின் ஏற்பாடு. 1964-இல் அந்தக் காரில் தரைக்குழாய் போய், கிராங்க்கேஸ் வாயுவை உள்ளிழுக்க இன்டேக் மேனிஃபோல்டில் வால்வு வந்தது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் மேனிஃபோல்ட் ஆயிலையே உறிஞ்சும், சைலன்ஸரில் நீலப்புகை வரும். பிறகு அந்த வால்வையும் எடுத்துவிட்டார்கள். எஸ்.யூ. கார்புரேட்டரில் மேலேறி இறங்கும் பிஸ்டனுக்கும் த்ராட்டில் தகட்டுக்கும் நடுவே, எந்த வேகத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு மென்மையான உறிஞ்சல் இருக்கும். பிரீதர் குழாயை நேரே அங்கே இணைத்தார்கள். கிழிய டயாஃப்ரம் இல்லை, சிக்கிக்கொள்ள ஸ்ப்ரிங் இல்லை. கார்புரேட்டரில் ஏற்கெனவே இருந்த குணம் ஒன்றுக்கு இன்னொரு வேலை கொடுத்ததுதான். புதுக்காற்று உள்ளே வரும் வழி, வடிகட்டி பொதிந்த ஆயில் மூடி. அதன் நுண்துளை வழியே அளவாகத்தான் காற்று நுழையும். அந்த மூடி தொலைந்து சந்தையில் கிடைத்த ஏதோ ஒன்றை மாட்டியிருந்தால், கார்புரேட்டர் ட்யூனிங்கில் கைவைக்கும் முன் மூடியைத்தான் மாற்ற வேண்டும்.